பழைய மொரிஸ் மைனரின் முன்பக்கம்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: தந்தையார் விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் எட்டு வருடங்களாகக் கொட்டிலில் நிற்கிறது. எஞ்சின் இடையில் 1098 சிசிக்கு மாற்றப்பட்டது. பிரேக்கை இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது. முன் சில்லுகளும் ஆடுகின்றன. கராஜ் ஒன்றில், முன்பக்கம் முழுவதையும் புதிதாகப் போட்டு டிஸ்க் பிரேக்கும் பூட்டித் தருவதாகக் கூறி ஒரே தொகையாகக் கேட்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: ஒரே தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். கழற்றிப் பார்ப்பதற்கு மட்டும் முதலில் கூலி பேசுங்கள்; தேய்ந்தவற்றை உங்கள் கண்முன் காட்டிய பிறகு, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘முன்பக்கம் முழுவதும்’ என்ற சொல்லுக்குள் மாற்றத் தேவையில்லாதவையும் சேர்ந்துவிடும். முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பியான டோர்ஷன் பார் அவற்றில் ஒன்று. அது உடைவது அரிது. கார் ஒருபக்கம் தாழ்ந்திருந்தால் அதைக் கழற்றிப் பல்வெட்டை மாற்றிப் பூட்டி உயரத்தைச் சரிசெய்யலாம். இடப்பக்கத்துக் கம்பியை வலப்பக்கத்தில் பூட்டக் கூடாது என்பதை மாத்திரம் மெக்கானிக்குக்கு நினைவூட்டுங்கள்.

தயங்காமல் பணம் செலவழிக்க வேண்டிய இடம் ட்ரனியன். சில்லைத் தாங்கும் கிங்பின்னின் மேலும் கீழும் மரையிட்டுப் பூட்டப்பட்டிருக்கும் இந்த இரும்புத் துண்டுகளில், கீழே உள்ளதன் மரைகளே காரின் முன்பாரத்தைச் சுமக்கின்றன. கிரீஸ் இல்லாமல் அந்த மரை தேய்ந்துபோனால், ஒருநாள் அது முற்றாகக் கழன்று சில்லு மட்கார்ட்டின் அடியில் மடிந்துவிடும். மைனர்காரர் எல்லோரும் அஞ்சும் விபத்து இதுதான். சோதிப்பது எளிது. சஸ்பென்ஷனின் கீழ்க் கையின் அடியில் ஜாக் வைத்துச் சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் சில்லின் பெயரிங்கில். நிற்காவிட்டால் ட்ரனியனிலோ கிங்பின்னிலோ. தேய்ந்த கிங்பின்னுக்குப் புதிய ட்ரனியன் மட்டும் போடுவது வீண்செலவு. இரண்டையும் சோடியாகவே வாங்குங்கள். இடமும் வலமும் வேறு வேறு என்பதால், பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பூட்டிய பின் சில்லைத் தூக்கி வைத்தே கிரீஸ் அடிக்க வேண்டும். பாரம் இறங்கியிருந்தால் மரையின் அழுந்திய பக்கத்துக்குக் கிரீஸ் போய்ச் சேராது.

ஷொக் அப்சோர்பரிலும் ஏமாற இடமுண்டு. மைனரில் அதன் கைதான் சஸ்பென்ஷனின் மேல் இணைப்பும் ஆகும். ஆகவே நீள்குழாய் ஷொக் பூட்டினாலும் பழையது பெரும்பாலும் அங்கேயே இருக்கும், அதன் தேய்வும் அங்கேயே இருக்கும். ஒயில் கசிந்தால் திருத்திய ஒன்றை மாற்றாக வாங்குவதே சிக்கனம்.

இனிப் பிரேக். இரண்டாவது மிதியில் பிடிப்பது, டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் பிரேக் சூ தேய்ந்து அதிலிருந்து விலகியிருப்பதன் அல்லது குழாயில் காற்று இருப்பதன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனால் எட்டு வருடம் நின்ற காரில் றப்பரை நம்ப முடியாது. முன் சில்லு ஒவ்வொன்றிலும் சூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள் இரண்டு உண்டு. நான்கையும், மூன்று றப்பர் குழாய்களையும் புதிதாகப் போடுங்கள். இந்தக் காரில் பிரேக் குழாய் முழுவதும் ஒரே சுற்று என்பதால், ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சில்லிலும் பிரேக் போய்விடும். பிறகு மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. மிதியின் அழுத்தத்தைக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சட்டத்தின் உள்ளே இருக்கிறது. அதன் போல்ட்டுக்கு டோர்ஷன் பார் குறுக்கே நிற்பதால் கூலி அதிகமாகும். முன்பக்கத்தை எப்படியும் கழற்றப்போவதால் அதையும் அதே நாளில் முடித்துக்கொள்ளுங்கள்.

சூ வாங்குமுன் டிரம்மின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். 1962இல் 1098 சிசி எஞ்சினோடு முன் டிரம் 8 அங்குலமானது; அதற்கு முந்தியது 7 அங்குலம். உங்கள் காரில் எஞ்சின் மட்டும் மாறியதா, பிரேக்கும் மாறியதா என்பதை அளவுகோல்தான் சொல்லும். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அந்தத் தூளைக் காற்றடித்து ஊத விடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

டிஸ்க் இப்போது தேவையில்லை. முக்கால் தொன் அளவே எடையுள்ள காரை நிறுத்த, ஒழுங்காக இருக்கும் டிரம் போதும். டிஸ்க் பூட்டினாலும் ஒரே சுற்று ஒரே சுற்றுத்தான். மிதியின் அழுத்தத்தைக் கூட்டும் உதவிச் சாதனம் இல்லாவிட்டால் மிதி கடினமாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: கொழும்பு பஞ்சிகாவத்தையில் ‘பழைய கையிருப்பு, பிரிக்காத பெட்டி’ என்று வாங்கிய வீல் சிலிண்டர் இரண்டு வாரத்தில் கசிந்தது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். பற்றுச்சீட்டு இருக்கிறது.
– வாசகர், வவுனியா

பதில்: பெட்டி பிரிக்கப்படாவிட்டாலும் உள்ளே இருக்கும் றப்பர் வயதாகிக்கொண்டே இருக்கும், முப்பது வருடம் தட்டில் கிடந்த சிலிண்டரைப் புதியது என்று கொள்ள முடியாது. உட்சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள்: வழுவழுப்பாக இருந்தால் புதிய சீல் போட்டே பயன்படுத்தலாம், துரு தின்ற பள்ளம் நகத்தில் தட்டினால் விட்டுவிடுங்கள். கசிந்ததைத் தூக்கி எறியாமல், திறந்து பார்த்த மெக்கானிக்கின் குறிப்போடு வைத்திருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும். முதலில் அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்து விசாரித்துவிட்டு, பற்றுச்சீட்டின் பிரதியோடு கடிதத்தை அனுப்புங்கள். மூலப்பிரதியைக் கையைவிட்டு விடாதீர்கள்.