சமைத்துப் போடுகிறாள், சாப்பிடுவதில்லை

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு 19 வயது. ஒரு வருடமாக மெலிந்துகொண்டே போகிறாள். ராத்திரியெல்லாம் சமையல் வீடியோ பார்க்கிறாள், எங்களுக்கு விதவிதமாகச் சமைத்துப் போடுகிறாள். தன் தட்டில் இருப்பதை மட்டும் பொடிப்பொடியாகப் பிய்த்து, ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் பசியில்லை என்கிறாள். இது வீம்பா, நடிப்பா?

ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

நடிப்பில்லை அம்மா. பட்டினி அவளை அப்படி ஆக்கியிருக்கிறது.

1944-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஓர் ஆய்வைத் தொடங்கினார். தாமாக முன்வந்த 36 திடமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு. எடையில் கால்வாசி கரைந்தது. ஒல்லியாகும் ஆசையில் வந்தவர்கள் இல்லை அவர்கள். ஆனாலும் சிலர் சமையல் புத்தகங்களாக வாங்கிச் சேர்த்தார்கள். தட்டை அளைந்து அளைந்து ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம்கூட இழுத்தார்கள். உங்கள் மகள் செய்வதும் அதுதானே?

ஒரு வித்தியாசம், அவர்களுக்குச் சாப்பிடப் பயமில்லை. இவளுக்கு இருக்கிறது. 'இளைத்ததும் எவ்வளவு அழகாகிவிட்டாய்' என்று யாரோ மெச்சியிருப்பார்கள், திரும்பிய பக்கமெல்லாம் ஒல்லி உடம்புதான் தெரிந்திருக்கும். வாட்டசாட்டமான உடம்பை அழகென்று கொண்டாடிய ஃபிஜியில் 1995-ல் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. எடை குறைக்க வாந்தி எடுப்பதாக அப்போது ஆய்வில் ஒரு மாணவிகூடச் சொல்லவில்லை. 1998-ல் நூற்றுக்குப் பதினோரு பேர் சொன்னார்கள்.

சரி, முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நாடித்துடிப்பு, ரத்தத்தில் பொட்டாசியம், இசிஜி பார்க்கட்டும். சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய்விடுகிறாள் என்றால் அதையும் சொல்லுங்கள், வாந்தியால் பொட்டாசியம் இறங்கினால் இதயமே தடுமாறும். மயங்கி விழுந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து, அளவை டாக்டர் சொல்லட்டும். மனநல மருத்துவரும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் உட்காருங்கள். அவள் அழுவாள், கத்துவாள். எழுந்து போய்விடாதீர்கள். தட்டைப் பற்றிப் பேசாமல் வேறு எதையாவது பேசிக்கொண்டிருங்கள். கொஞ்சம் தேறியதும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 'இப்போதுதான் பூசினாற்போல இருக்கிறாய்' என்று பாசமாகத்தான் சொல்வார்கள். அவள் காதில் 'குண்டாகிவிட்டாய்' என்றுதான் விழும்.

அன்புடன்,
அக்கா