தூங்காமலே இருக்க ஒரு மாத்திரை வந்தால் சாப்பிடுவீர்களா? உங்களுக்கு எவ்வளவு தூக்கம் தேவைப்படுகிறது?

மாட்டேன். எனக்கு எட்டரை மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு ஒன்பதரைக்குப் படுத்தால் காலை ஆறுக்கு எழுவேன். அதில் அரை மணி குறைந்தாலும் அன்றைக்கு முழுக்கக் கண்ணைச் சுழற்றும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவேன்.

ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு தூக்கத்திலேயே போய்விடுகிறதே என்று கேள்வி கேட்டவர் வருத்தப்பட்டிருக்கிறார். எனக்கு அந்த வருத்தம் வந்ததே இல்லை. அந்த மாத்திரை வந்தால் மிச்சமாகும் எட்டு மணி நேரம் நமக்கா வரும் என்று யோசித்துப் பாருங்கள். மின்விளக்கு வந்து இரவு நீண்டபோது என்ன நடந்தது? மில்லில் இரவு ஷிப்ட் வந்தது. தூங்காத உடம்பு இருந்தால் கடன்காரனுக்கும் முதலாளிக்கும்தான் முதல் லாபம். "இதுக்கு மேல என்னால முடியாது" என்று உடம்பு சொல்கிற ஒரே இடம் தூக்கம். அதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

இப்படி நினைப்பதற்கு என் அம்மா ஒரு காரணம். உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். மதுரை மல்லி என்றால் உலகத்துக்கே தெரியும், 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பூவை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பறித்து மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பினால்தான் விலை. அதனால் சீசன் நேரத்தில் அம்மா ராத்திரி இரண்டு, இரண்டரைக்கே எழுந்து, நெற்றியில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு செடிக்குப் போய்விடுவார். முகூர்த்த நாள் வந்தால் இன்னும் முன்னாடி.

மத்தியானம் எல்லோருக்கும் சோறு போட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்படி வாசலில் வெறுந்தரையில் சாய்வார். பாய்கூட விரிக்க மாட்டார். மடக்கிய கைதான் தலையணை, கண்ணுக்கு மேல் முந்தானை. வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தூக்கத்திலும் ஒன்றை ஒன்று தொட்டபடி இருக்கும், மொட்டைக் கிள்ளப் போகிற மாதிரி. வாசலில் யாராவது "யக்கா" என்று கூப்பிட்டால் போதும், சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "நான் எங்க தூங்குனேன், சும்மா கண்ண மூடிக் கெடந்தேன்" என்பார்.

அந்தப் பேச்சு இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நடு ராத்திரியிலிருந்து வேலை பார்த்த ஒரு மனுஷி, பகலில் கண்ணசந்ததை ஏன் மறைக்க வேண்டும்? பகலில் தூங்கினால் வீடு விளங்காது, பொம்பளைப் பிள்ளை விடிகிற வரை படுத்திருந்தால் லட்சுமி தங்காது என்று சொல்லிச் சொல்லியே எங்கள் ஊர்ப் பெண்களைத் தூக்கத்துக்கு வெட்கப்பட வைத்துவிட்டார்கள். ஆண்கள் திண்ணையில் குறட்டை விட்டால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீசியன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில வருடம் இரவு ஷிப்டும் பார்த்தேன். காலை எட்டு மணிக்கு முடித்து வீட்டுக்கு வந்து படுத்தால், எவ்வளவு அசதியாக இருந்தாலும் பத்தரை, பதினொன்றுக்குக் கண் திறந்துவிடும். அப்புறம் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஆடி மாதம் வந்தால் மைக் செட் வேறு. சத்தத்தை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பகல் வெளிச்சத்தைப் பார்த்து அது தன்னைச் சரிசெய்துகொள்ளும், விடிந்ததும் உடம்புச் சூட்டை ஏற்றி, எழுந்திரு என்று விரட்டும். அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். அதனால் பகலில் தூங்கும் எட்டு மணி நேரம் இரவில் தூங்கும் எட்டு மணி நேரத்துக்கு ஈடாகாது. இரவு ஷிப்ட் வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-இல் வகைப்படுத்தியது. 2019-இல் மறுபடி ஆராய்ந்தும் அந்த வகையிலேயே வைத்திருக்கிறது.

மதுரையைத் தூங்கா நகரம் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். நானும் சொல்வேன். நடு ராத்திரியில் சூடாக இட்லி கிடைக்கிற ஊர் இது. ஆனால் அந்த இட்லியை ஊற்றுகிற அக்கா, மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்குகிற அண்ணன்கள், பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆட்டோவோடு நிற்கிறவர்கள் எல்லாம் எப்போது தூங்குகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் ஊருக்கு நடுவில் இருக்கிற சொக்கநாதருக்கே இரவில் பள்ளியறை பூஜை உண்டு. அவருடைய பாதத்தைப் பல்லக்கில் எடுத்துப்போய் மீனாட்சி சந்நிதிப் பள்ளியறையில் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நடை சாத்துவார்கள். சாமிக்கே முறையாக ஒதுக்கி வைத்திருக்கிற நேரத்தை மனுஷனுக்கு மறுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எத்தனை மணி நேரம் போதும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2015-இல் சொன்னது. அது குறைந்த அளவு. அதற்கு மேல் ஆளுக்கு ஆள் மாறும். பிறவியிலேயே ஆறு மணி நேரத் தூக்கத்தில் நன்றாக இருப்பவர்களும் உண்டு, மரபணுவே அப்படி. ஆனால் மிகச் சிலர்தான். பழகிவிட்டது என்று சொல்கிற மற்றவர்களில் நிறையப் பேருக்கு அசதிதான் பழகியிருக்கிறது.

என் பழக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கு மேல் டீ, காபி கிடையாது. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும், டீ, காபியில் இருக்கிற காஃபின் அதன் வேலையைத் தடுக்கும். அந்தக் காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. ஏழரைக்குள் சாப்பாடு, போன் ஹாலில். கத்திரி வெயில் நாட்களில் மொட்டை மாடியில் சாயங்காலமே நாலு வாளித் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, கோரைப்பாயை விரித்துவிடுவோம். படுக்கும் முன் ஒரு குளியல். உடம்புச் சூடு இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும்.

வருடத்தில் ஒரு ராத்திரிக்கு மட்டும் விதிவிலக்கு. சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவையைப் பார்த்துவிட்டு, விடிகாலையில் அழகர் ஆற்றில் இறங்குகிறவரை கண் முழிப்போம். மறுநாள் இரவு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம்தான் கூடத் தூங்குவேன், ஆனால் ஆழ்ந்த தூக்கம். விட்டதை உடம்பு மணிக்கு மணி கணக்குப் பார்த்து வாங்குவதில்லை. 1964-இல் ராண்டி கார்ட்னர் என்ற பள்ளி மாணவர் 11 நாள் தூங்காமல் இருந்துவிட்டு, அப்புறம் ஒரே மூச்சில் தூங்கியது 14 மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான். அதை யாரும் முயற்சி செய்ய வேண்டாம், கடைசி நாட்களில் அவருக்கு ஞாபகமும் பேச்சும் தடுமாறின.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். தோட்டம் குத்தகைக்குப் போய்விட்டது. இன்னும் மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. ஆனால் மத்தியானம் பாய் விரித்துத் தலையணை வைத்துத்தான் படுக்கிறார். யாராவது கேட்டால் "தூங்குனேன்" என்கிறார். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் வீட்டில் இரவு வேலை பார்க்கிறவர் யாராவது இருந்தால் ஒன்று செய்யுங்கள். அவர் படுக்கிற அறை ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணியில் திரை போடுங்கள். பகல் பதினொரு மணிக்கு சிலிண்டர் வந்தாலும், சொந்தக்காரர் வந்தாலும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், அவரை எழுப்பாதீர்கள். "இன்னுமா தூங்குறான்" என்று வந்தவர் கேட்டால், ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்று சத்தமில்லாமல் சொல்லி அனுப்புங்கள்.