யாரும் எழுதாத அட்ரிபியூட் கோப்பில் எப்படி வந்தது?

கேள்வி: சிங்கப்பூர் உபி வட்டாரத்தில் ஓர் அச்சு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நாலு மொழிகளிலும் வரும் பயனர் கையேடுகளை எக்ஸ்எம்எல் (குறிச்சொற்கள் இட்ட) கோப்புகளாக வைத்திருக்கிறோம். தமிழ்க் கோப்பில் ஒரே ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தி எங்கள் ஜாவா நிரலில் சேமித்தால்கூட, மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாகக் காட்டுகிறது. <பத்தி> என்று இருந்ததெல்லாம் <பத்தி நிலை="பொது"> என்று ஆகியிருக்கிறது. சேமிக்கும்போது ஸ்கீமாவின் (கோப்பின் அமைப்பு விதிகளின்) டீஃபால்ட்டோடு, அதாவது எதுவும் எழுதாவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்போடு, ஒத்துப்போகிற அட்ரிபியூட்டுகளை (நிலை="பொது" போல் குறிச்சொல்லுக்குள் வரும் பண்புகளை) எல்லாம் நீக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தக் கையேட்டில் ஏதோ ஒரு பத்திக்கு எழுத்தாளரே யோசித்து நிலை="பொது" என்று போட்டிருக்கலாம். மதிப்பை மட்டும் ஒப்பிட்டு நீக்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும், அப்புறம் அவர் எதற்காகப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. பார்க்க வேண்டியது மதிப்பை அல்ல, அது எங்கிருந்து வந்தது என்பதை.

நடப்பது இதுதான்: ஸ்கீமாவை வைத்துச் சரிபார்த்தபடியே கோப்பைப் படிக்கும்போது, விடுபட்ட இடங்களில் எல்லாம் பார்சர் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல்) டீஃபால்ட் மதிப்பை நிரப்பிவிடுகிறது. அது பிழை இல்லை, ஸ்கீமா அதைத்தான் செய்யச் சொல்கிறது. நிரப்பியதை உங்கள் நிரல் அப்படியே எழுதிவிடுவதுதான் சிக்கல். ஜாவாவின் டாமில் (படித்த கோப்பை நினைவகத்தில் மரம்போல் வைத்திருக்கும் முறையில்) ஒவ்வொரு அட்ரிபியூட்டுக்கும் 'ஸ்பெசிஃபைட்' என்று ஒரு குறி உண்டு, கோப்பில் எழுதியிருந்தால் உண்மை, டீஃபால்ட்டாக வந்திருந்தால் பொய். 2004இல் வந்த டாம் மூன்றாம் நிலையின் எல்எஸ்-சீரியலைசரில் (அதைத் திரும்பக் கோப்பாக எழுதும் பகுதியில்) 'டிஸ்கார்ட்-டீஃபால்ட்-கன்டென்ட்' என்ற அமைப்பு இந்தக் குறியைப் பார்த்துத்தான் எதை விடுவது என்று முடிவு செய்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: உங்கள் நிரல் அந்த அட்ரிபியூட்டுக்கு ஒரு மதிப்பை வைத்தால், வைத்தது அதே 'பொது'வாகவே இருந்தாலும், குறி உண்மை என்று மாறிவிடும். ஆகவே திரையில் இருக்கும் படிவத்தின் மதிப்புகளை மொத்தமாகத் திரும்ப எழுதுகிற நிரலாக இருந்தால் இந்த வழி கைகொடுக்காது, பயனர் உண்மையிலேயே மாற்றியதை மட்டும் எழுதும்படி அதை முதலில் திருத்துங்கள். பிரவுசர்களில் இப்போது இந்தக் குறி எப்போதுமே உண்மை என்றுதான் வரும், அங்கே அதை நம்ப முடியாது.

இதைவிட எனக்குப் பிடித்தது எளிய வழி. திருத்துவதற்காகப் படிக்கும்போது ஸ்கீமாவையே இணைக்காதீர்கள், சரிபார்ப்பைத் தனியாக, இன்னொரு பிரதியில் நடத்துங்கள். பைத்தானில் எல்எக்ஸ்எம்எல் நிரலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் சுலபம், டீஃபால்ட் நிரப்பும் அமைப்பு நீங்கள் கேட்டால்தான் வேலை செய்யும். ஆனால் டிடிடி (ஸ்கீமாவைப் போன்ற பழைய வகை விதிப்பட்டியல்) உங்கள் எக்ஸ்எம்எல் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால் எந்தப் பார்சரும் டீஃபால்ட்டை நிரப்பியே தீரும், எக்ஸ்எம்எல் விதி அப்படி.

கேள்வி: டீஃபால்ட்டையும் கோப்பிலேயே எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு என்கிறார் என் மேலாளர். சரியா? (செங்காங் வாசகர்)

பதில்: கோப்பு எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்கீமா இல்லாத வாடிக்கையாளருக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அவர் சொல்வது சரி, எழுதாத மதிப்பு அங்கே யாருக்கும் தெரியாது. பல வருடம் பத்திரப்படுத்தும் பிரதிக்கும் அதுவே நல்லது, ஏனென்றால் நாளை யாராவது ஸ்கீமாவில் டீஃபால்ட்டை 'பொது'விலிருந்து 'வரைவு' என்று மாற்றினால் பழைய கோப்பில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமலே அதன் பொருள் மாறிவிடும். தினமும் கை வைத்துத் திருத்துகிற மூலக் கோப்பில் மட்டும் வேண்டாம். இரண்டும் தேவை என்றால் மூலத்தை எழுதியபடியே விட்டுவிட்டு, அனுப்பும் பிரதியை நிரப்பி உருவாக்குங்கள். எக்ஸ்எம்எல் கோப்புகளை மாற்றித்தரும் சாக்சன் என்ற கருவியை வைத்து உருவாக்கினால் 'எக்ஸ்பாண்ட்' என்ற அமைப்பில் இதை ஆன் ஆஃப் செய்துகொள்ளலாம்.