கிண்டர் மலைக்கு டெனிம் போட்டுக்கொண்டு போகாதீர்கள்

தம்பி, நம் திருகோணமலை உப்புவெளி என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் பதில் போடுகிறேன். இங்கிலாந்தில் ஷெபீல்டுக்கு வந்து மூன்று வாரம், வேலையிடத்து நடைக்குழு ஞாயிற்றுக்கிழமை கிண்டர் ஸ்கவுட் மலையடியில் இருக்கிற எடேலுக்குக் கூப்பிடுகிறது, போகலாமா, ஓடுகிற சப்பாத்து போதுமா, அறைக்கு எவ்வளவு வாடகை கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை ஆளுக்கு ஆள் சொல்வார்கள், விடுங்கள். நான் லீவில் ஊருக்கு வந்து உவர்மலையில் அம்மாவின் விறாந்தையில் இருக்கிறேன். மலையைப் பற்றிச் சொல்ல நேரம் கிடக்கிறது.

போங்கள். ஆனால் நான் போன மாதிரிப் போகாதீர்கள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன், ஒரு நவம்பர். மன்செஸ்டரில் எனக்கு அது இரண்டாவது மாதம். கிண்டர் ஸ்கவுட் 636 மீற்றர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2243 மீற்றர் சிவனொளிபாதமலையை இரண்டு தரம் ஏறினவன் நான். டெனிமும் பருத்திச் சேட்டும் மாட்டி, தண்ணீரே போகாது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணி விற்ற சப்பாத்தோடு வெளிக்கிட்டேன். சிவனொளிபாதத்தில் படி இருக்கிறது, இரவில் வெளிச்சம் இருக்கிறது, வழி நெடுகத் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. அந்தக் கணக்கை நான் போடவில்லை.

கிண்டரில் கூர்மையான உச்சி கிடையாது. ஏறி முடித்தால் மேசை மாதிரி ஒரு வெளி. பாசி ஆயிரக்கணக்கான வருடம் மக்கி உண்டான கறுப்புச் சேறு. பனிப்புகார் இறங்கினால் முன்னால் போகிறவரின் முதுகும் தெரியாது. இடது கால் முழங்கால் வரை புதைந்தது. காலை இழுத்தேன், சப்பாத்து வரவில்லை. குப்புறக் கிடந்து கையை விட்டுத் தோண்டித்தான் எடுத்தேன். பருத்தி நனைந்தால் காயாது, காற்று அடிக்க உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அரை மணித்தியாலத்தில் எனக்கு வாய் குழறியது. குழுவில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா கண்டுபிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை, கல்லுக்குப் பின்னால் இருத்தி, தன் பையிலிருந்த கம்பளி மேசுச் சோடியை என் காலில் மாட்டி, பிளாஸ்கிலிருந்து சீனி போட்ட தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

அதனால், கணுக்காலை மூடுகிற சப்பாத்து, மழைக்கோட்டு, பருத்தியில்லாத உடுப்பு, உலர்ந்த மேசு ஒரு சோடி, ரோச் லைற். நவம்பரில் நாலு மணிக்கு இருட்டு. ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம் என்று அங்கே மலை நடக்கிறவர்கள் கணக்குப் போடுவார்கள். புதிதாகப் போகிறவர் அதற்கு மேலும் கூட்டிக்கொள்ளுங்கள். கொட்டியாரக்குடாவில் நீந்தினவன் என்று மழைக்குப் பிறகு ஓடையில் இறங்காதீர்கள். ஏதும் நடந்தால் 999 அடித்து, பொலிசைக் கேட்டு, மலை மீட்புக் குழு என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் தொண்டர்கள், காசு வாங்கமாட்டார்கள். வேலியில் ஏறிக் கடக்கிற இடங்கள் வரும், நம் ஊர்க் கடப்பு மாதிரித்தான். படலை திறந்திருந்தால் திறந்தபடி, பூட்டியிருந்தால் பூட்டியபடி விட்டுவிட்டு வாருங்கள்.

எங்கள் ஆட்களைக் கேட்டால் "குளிருக்குள் நடக்க விசரா" என்பார்கள். ஞாயிறென்றால் அவர்களுக்கு மண்டபத்தில் சாமத்தியவீடு. இன்னொரு கூட்டம் கார்த் தரிப்பிடத்தில் புரியாணிப் பெட்டியைத் திறந்து, பாட்டை அலறவிட்டு, தட்டைப் புல்லில் எறிந்துவிட்டு, மலைக்குப் போனோம் என்று படம் போடும். இரண்டு பேரின் சொல்லையும் எடுக்காதீர்கள். என் ஆங்கிலம் வேலையிடத்தில் திருந்தவில்லை, அந்தச் சேற்றில்தான் திருந்தியது.

அந்த அம்மாதான் சொன்னார், இந்த மலை முன்பு பணக்காரர் பறவை சுடுகிற இடம், சனம் காலே வைக்கக்கூடாது என்று. 1932 ஏப்ரல் 24 அன்று மன்செஸ்டர்ப் பக்கத்துத் தொழிலாளப் பெடியன்கள் நூற்றுக்கணக்கில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். கோணேசரைக் கும்பிடவே இராணுவ முகாமுக்குள்ளால் போகிற ஊர்க்காரன் நான், எனக்கு அந்தக் கதை உடனே விளங்கியது.

பிறகு அருவிக்குப் போனோம். கிண்டர் ஆறு முப்பது மீற்றர் கீழே விழுகிற இடம். அன்று மேற்குக் காற்று. தண்ணீர் விழவில்லை, பாதியில் திரும்பி மேலே எழும்பி எங்கள் முகத்தில் அடித்தது. கோணேசர் கோயில் பாறைப் பிளவான இராவணன் வெட்டில் கீழேயிருந்து எழும்பி வருகிற உப்புக்காற்று ஞாபகம் வந்தது. இது உப்பில்லாத தண்ணீர், ஊசி மாதிரிக் குத்தியது. பல் கிட்டி நின்றபோது மனம் முழுக்க ஊரிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள்தான். ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றினால் போதும் என்றிருந்தது.

நாளைக் காலை கன்னியாவுக்குத்தான் போகிறேன். அம்மா இப்போதே துவாயை எடுத்து வைத்துவிட்டார்.