"ஆ ஆ" என்றவர்கள்

அன்பான அண்ணனுக்கு ஸ்தோத்திரம். பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசித்து வருகிறேன். "அப்பொழுது நான் கர்த்தர் என்று அறிந்துகொள்வார்கள்" என்று வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டேன், முப்பதைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் பட்டயம், பஞ்சம், கொள்ளைநோய்க்குப் பிறகுதான் அந்த வரி வருகிறது. தன்னைத் தெரியப்படுத்த தேவன் அடிக்கத்தான் வேண்டுமா? பழைய ஏற்பாட்டுத் தேவன் வேறு, இயேசு காட்டின பிதா வேறா? போன மாதம் என் அக்காவின் ஆறு வயது மகன் காய்ச்சலில் இறந்துபோனான். அடக்க ஆராதனையில் பிரசங்கித்தவர், "கர்த்தர் இந்தக் குடும்பத்தோடு பேசியிருக்கிறார், உணருங்கள்" என்றார். அக்கா அதற்குப் பிறகு பைபிளைத் திறக்கவில்லை. நானும் நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நானும் எசேக்கியேலில்தான் இருந்தேன். 24ஆம் அதிகாரம், எசேக்கியேலின் மனைவி சாகிற இடம். அதைத் தாண்ட முடியாமல் இரண்டு நாளாக அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பழைய ஏற்பாட்டுத் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்கிற பேச்சை விடுங்கள். இரண்டாம் நூற்றாண்டிலேயே மார்சியோன் என்ற போதகன் சொல்லி, சபை மறுத்துவிட்ட விஷயம் அது. மனந்திரும்பாத ஊர்களான கோராசீனையும் பெத்சாயிதாவையும் பார்த்து ஐயோ என்று சொன்னவர் இயேசுதான்.

முதல் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் ஒரு நகரம் விழுந்தால் அந்த நகரத்தின் தெய்வம் தோற்றுவிட்டது என்று அர்த்தம். கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் யூதாவின் ராஜா யோயாக்கீனைப் பிடித்துக்கொண்டு போனபோது அவனோடு போனவர்களில் எசேக்கியேலும் ஒருவர், ஆசாரிய குடும்பத்துப் பிள்ளை. அந்த ராஜாவுக்கு அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு எழுதிய களிமண் பலகைகள் பாபிலோனில் கிடைத்திருக்கின்றன, யூதாவின் ராஜா என்று பெயரோடு. ஒரு ராஜா அடுத்தவன் அளந்து ஊற்றும் எண்ணெய்க்குக் காத்திருக்கிறான், அந்த ஊரில் வருஷா வருஷம் பாபிலோனின் தெய்வமான மர்துக்கின் சிலை ஊர்வலம் போகிறது. சிறைப்பட்டு வந்து அங்கே கேபார் நதிக்கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? நம் தேவன் தோற்றுவிட்டார் என்றுதானே? எசேக்கியேல் சொன்னது அதற்கு நேர் எதிர். அவர் தோற்கவில்லை, அவரேதான் எருசலேம் ஆலயத்தை விட்டு எழுந்து கிழக்கே போனார், 10, 11ஆம் அதிகாரங்களில் பாருங்கள். தோற்றுப்போன தெய்வத்தால் யாரையும் ஊருக்குத் திரும்பக் கூட்டிவர முடியாது.

ஏன் போனார்? 8ஆம் அதிகாரத்தில் மூப்பர்கள் 70 பேர் இருட்டில் தூபம் காட்டிக்கொண்டு, கர்த்தர் எங்களைப் பார்க்கிறதில்லை என்கிறார்கள். 22இல் அதே எருசலேமில் விதவையும் திக்கற்ற பிள்ளையும் ஒடுக்கப்படுகிறார்கள். அந்த விதவையின் பக்கத்தில் நின்று யோசியுங்கள். ஒருநாளும் தீர்ப்புச் சொல்லாத தேவனை அவள் என்னவென்று அறிந்துகொள்வாள்? மூப்பர்களோடு சேர்ந்து அவளும், பார்க்கிறதில்லை என்றுதானே சொல்லியிருப்பாள்?

சரி, இது பதில். ஆனால் என்னை உறுத்துவது வேறு. இதை யார் சொல்வது, எங்கே நின்றுகொண்டு சொல்வது?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்தது. அடுத்த வாரம் எங்கள் ஊரில் ஒரு கூட்டம். பிரசங்கித்தவர், விக்கிரகத்தை வணங்கினவர்களைக் கர்த்தர் கடலை அனுப்பி அடித்தார் என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் அல்லேலூயா என்றார்கள். நானும் சொன்னேன். அம்மா எழுந்துவிட்டாள். அதற்கு முந்தின இரண்டு நாளும் அவள் நாகப்பட்டினத்துக்கு அனுப்பப் பழைய சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு சேலைக்குள்ளும் பொருத்தமான ரவிக்கையும் பாவாடையும் வைத்து, அவிழ்ந்துவிடாமல் நாடாவால் கட்டி. பைபிளை உறையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். தெருமுனை வரை பேசவில்லை. அப்புறம், "அறிஞ்சுக்கறதுக்கு ஆள் உயிரோட இருக்கணும்லடா" என்றாள்.

இருபது வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எசேக்கியேலை வாசிக்கிறேன். தங்கையே, உங்கள் பென்சில் எங்கே நின்றது? 16ஆம் அதிகாரத்துக் கடைசியில், உடன்படிக்கையைத் திரும்ப நிலைப்படுத்தும்போது அதே வரி வருகிறதே, கோடு போட்டீர்களா? 34இல் நுகத்தடியை முறிக்கும்போது? 37இல் பிரேதக்குழிகளைத் திறந்து தம் ஜனத்தை எழுந்து வரச் செய்து, "அப்பொழுது நான் கர்த்தர் என்று அறிந்துகொள்வீர்கள்" என்கிறாரே, அங்கே? 48 அதிகாரமுள்ள புத்தகத்தில் பாதியில் நின்றுகொண்டு கணக்குச் சொல்கிறீர்கள். இப்படி எண்ணுவது வாசிப்பே இல்லை.

25ஆம் அதிகாரத்தையாவது வாசியுங்கள். யூதாவின் பக்கத்து நாட்டாரான அம்மோன் புத்திரர் செய்த குற்றம் என்ன? எருசலேமை அவர்கள் இடித்ததாக அங்கே இல்லை. ஆலயம் தீட்டுப்பட்டபோது "ஆ ஆ" என்றார்கள். பக்கத்து வீட்டின் இடிபாட்டைப் பார்த்துக் கைகொட்டினார்கள். அதற்குத்தான் அவர்களுக்குத் தீர்ப்பு வருகிறது. அன்றைக்குக் கூட்டத்தில் நான் சொன்ன அல்லேலூயாவும் அந்த "ஆ ஆ"தான். உங்கள் அக்கா முன்னால் சவப்பெட்டி இருக்கும்போது, உணருங்கள் என்றாரே ஒருவர், அவர் எசேக்கியேலைப் போலப் பேசவில்லை, அம்மோனைப் போலப் பேசினார். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று 18இல் எழுதியிருக்கிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளையின் காய்ச்சல் காய்ச்சல்தான். அதில் தேவன் என்ன பேசினார் என்று சொல்ல அந்தப் பிரசங்கியாருக்கு எந்த வசனமும் இல்லை.

எசேக்கியேலைப் பாருங்கள். சிறைப்பட்டவர்கள் குடியிருந்த தெலாபீபுக்கு வந்தவர் முதல் ஏழு நாளும் அவர்கள் நடுவே திகைத்து உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. தீர்ப்புச் சொல்லும்போதும் அவரும் அதே சிறையிருப்பில்தான் இருந்தார். காலையில் ஜனங்களோடு பேசுகிறார், சாயங்காலம் மனைவி செத்துப்போகிறாள், கண்களுக்கு விருப்பமானவள் என்று கர்த்தரே அவளைச் சொல்கிறார். அழக்கூடாது என்று கட்டளை. அந்த இடத்தை உங்களுக்கு விளக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை, நானும் அவரோடு சேர்ந்து அங்கேயே நிற்கிறேன். பிறகு 33இல் தப்பி வந்த ஒருவன், நகரம் அழிக்கப்பட்டது என்கிறான். வருஷக்கணக்காக இவர் சொன்னது பலித்துவிட்டது. நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வருகிறதா என்று தேடிப் பாருங்கள். அடுத்த அதிகாரத்தில் காணாமற்போன ஆட்டைத் தேடும் மேய்ப்பன்தான் வருகிறார்.

நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். நிறுத்தாதீர்கள், 25இலிருந்து தொடருங்கள். அக்காவைப் பைபிளைத் திறக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், என் கடிதத்தையும் காட்ட வேண்டாம். முடிந்தால் லீவு போட்டுவிட்டு ஒரு ஏழு நாள் அவர்கள் வீட்டில் போய் இருங்கள். பிள்ளையின் துணிமணியை யார் எடுத்து வைத்தார்கள் என்று கேளுங்கள். யாரும் எடுத்து வைக்கவில்லையென்றால் அக்காவாக எடுக்கும்வரை கூட இருங்கள்.

அண்ணன்