சோதனையில் சிக்காத பக்கவிளைவு பிறகு எப்படித் தெரிய வருகிறது?

புதிய தடுப்பூசியைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி இது. அமெரிக்காவில் நடந்ததையே சொல்கிறேன். கைக்குழந்தைகளைக் கடும் வயிற்றுப்போக்கில் தள்ளும் ரோட்டா வைரஸுக்கு எதிராக, 1998 ஆகஸ்டில் 'ரோட்டாஷீல்டு' என்ற சொட்டு மருந்து அனுமதி பெற்றது. சில மாதங்களில் மருத்துவர்களிடமிருந்து தகவல்கள் வந்தன: சில குழந்தைகளுக்குக் குடல் செருகல். சட்டைக் கை உள்ளே மடங்குவதுபோல் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும். 1999 ஜூலையில் வெறும் 15 புகார்களைப் பார்த்தே மருந்தை நிறுத்திவைத்தார்கள்; அக்டோபரில் திரும்பப் பெற்றார்கள். பாதிப்பு சுமார் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான். அவ்வளவு அரிதானது சில ஆயிரம் பேரிடம் நடத்தும் சோதனையில் உறுதியாகத் தெரியாது. அனுமதிக்குப் பிந்தைய கண்காணிப்பு அதனால்தான் அவசியம்.

அடுத்து வந்த இரண்டு மருந்துகளையும் தலா 60,000-க்கும் அதிகமான குழந்தைகளிடம் சோதித்தார்கள். இந்தியாவின் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தான 'ரோட்டாவாக்'கின் சோதனை நடந்த ஊர்களில் நம் வேலூரும் ஒன்று.

இன்றைய மருந்துகளிலும் அந்த ஆபத்து மிகச் சிறிய அளவில் உண்டு. ரோட்டா வைரஸின் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரிது. சொட்டு மருந்து கொடுத்த பின் குழந்தை கால்களை மடக்கிக்கொண்டு, இடையிடையே வீறிட்டு அழுதாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.