விரலை நீட்டாதீர்கள்!
வாசகர் கேள்வி – பதில்

மீட்கப்பட்ட சிம்பன்சிகளின் பராமரிப்பு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவற்றில் சில இங்கே.

கேள்வி: கால்நடை மருத்துவம் முடிக்கப் போகிறேன். ஆப்பிரிக்கக் காப்பகம் ஒன்றில் ஆறு மாதம் தங்கி வேலை செய்ய இடம் கிடைத்திருக்கிறது. முதல் நாள் சிம்பன்சி முன்னால் போய் நின்று என்ன செய்ய வேண்டும்?
– மாணவி, மண்டபம்

பதில்: முதலில், நிற்க வேண்டாம். நின்றுகொண்டு குனிந்து பார்க்கிற ஆள் சிம்பன்சியின் கணக்கில் மிரட்டுகிற ஆள். கம்பி வலைக்கு முன்னால் தரையில் கோடு போட்டிருப்பார்கள். வளர்ந்த சிம்பன்சியின் கை நாம் நினைப்பதைவிட நீளம். அது எட்டாத தூரத்துக்குத்தான் அந்தக் கோடு. அதற்கு வெளியே, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக் குந்திக்கொள்ளுங்கள். முறைத்துப் பார்க்காதீர்கள். கையில் ஒரு இலையை எடுத்து மெதுவாகக் கிள்ளிக்கொண்டிருங்கள். சிம்பன்சிகளும் இப்படி இலையை வைத்து நோண்டும். தன்மேல் கண் வைக்காமல் ஏதோ வேலையாக இருக்கிற ஆளிடம் அது தானாக வந்து பார்க்கும்.

கிட்டே வந்தால் விரலை நீட்டாதீர்கள். கடிபடுவது பெரும்பாலும் விரல்தான். கோட்டுக்கு வெளியே இருந்தபடியே மணிக்கட்டை மடக்கி, புறங்கையைக் காட்டுங்கள். கூடவே மூச்சை விட்டு விட்டு மெல்ல முனகலாம். பணிவோடு வணக்கம் சொல்லும் சிம்பன்சிகளின் குரல் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

அடுத்த இரண்டு வாரம் உங்கள் வேலை சலிப்பூட்டுகிற ஆளாக இருப்பது. காலையில் வந்ததும் ஒரே குரல், பிறகு தலை எண்ணுவது, தண்ணீர், கஞ்சி, கூண்டு கழுவுவது. இந்த வரிசை ஒரு நாளும் மாறக்கூடாது. கதவைத் தள்ளுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் 'கதவு' என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். தமிழில் சொன்னாலும் பரவாயில்லை, ஆனால் எல்லாப் பணியாளர்களும் சொல்வது அதே சொல்லாக இருக்க வேண்டும். அடுத்து நீங்கள் செய்யப்போவது அதற்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதற்குப் பெயர்தான் நம்பிக்கை. தொடுவதும் கட்டிப்பிடிப்பதும் புகைப்படத்துக்கு. நல்ல காப்பகங்களில் வளர்ந்த சிம்பன்சியோடு ஒரே கூண்டுக்குள் யாரும் நுழைவதில்லை.

போவதற்கு முன் ஒவ்வொன்றின் பழைய கதையையும் பதிவேட்டில் படித்துவிடுங்கள். சங்கிலியில் கிடந்ததற்குச் சாவிக்கொத்தின் சத்தம் போதும், உடம்பெல்லாம் நடுங்கும். துடைப்பக் கட்டையால் அடிவாங்கியது துடைப்பத்தைக் கண்டால் மூலையில் ஒதுங்கி முன்னும் பின்னும் ஆடும், முடியைப் பிடுங்கிக்கொள்ளும். அப்படிப்பட்டதன் கண்முன் துடைப்பத்தைத் தூக்க வேண்டாம். முதலில் அதை அடுத்த அறைக்கு மாற்றுங்கள், பிறகு கழுவுங்கள்.

இன்னொன்று. சளி பிடித்தால் லீவு போட்டுவிடுங்கள். நம் கிருமிகள் அவற்றுக்கும் தொற்றும். 1966-இல் தான்சானியாவின் கோம்பேயில் சிம்பன்சிகளைப் போலியோ முடக்கியது. 2013-இல் உகாண்டாவின் கன்யவாராவில் ஒரு கூட்டத்தில் ஐந்து சிம்பன்சிகள் இறந்தன. காரணம், மனிதர்களுக்குச் சாதாரண ஜலதோஷம் தருகிற ரைனோ வைரஸ் வகைகளில் ஒன்று. காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசிகள், முகக்கவசம் எதிலும் சலுகை கேட்காதீர்கள்.

ஆறு மாதத்தில் நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். தாயை இழந்த சிம்பன்சி இன்னொரு முறை ஒருவரை இழக்கக்கூடாது. ஆகவே நிரந்தரப் பணியாளரே முதல் ஆளாக இருக்கட்டும். நீங்கள் இரண்டாவது ஆள்.

கேள்வி: சட்டை போட்ட சிம்பன்சி பல்லைக் காட்டிச் சிரிக்கும் வீடியோவை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அனுப்புகிறார்கள். அது சந்தோஷமாகத்தானே இருக்கிறது?
– குடும்பத்தலைவி, கீழக்கரை

பதில்: இல்லை அம்மா. மேல்பல், கீழ்ப்பல் இரண்டும் ஈறோடு தெரிய உதட்டை இழுத்துப் பிடித்தால் அது பயம். விளையாட்டு முகம் வேறு: வாய் தளர்ந்து திறந்திருக்கும், மேலுதடு மேல்பல்லை மூடியிருக்கும். பராமரிப்பாளர்களும் இதைத் தெரிந்துகொண்டு, பல் தெரியாமல் சிரிக்கப் பழகுவார்கள். வீடியோக்களில் வருவது பெரும்பாலும் குட்டிகள். வளர்ந்த பிறகு அவற்றைக் கையாள முடியாது. மனிதனைப் போல ஐந்து மடங்கு, பத்து மடங்கு பலம் என்பது கட்டுக்கதை. எடைக்கு எடை பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான். அந்த ஒன்றரை மடங்கோடு கோரைப்பல்லும் சேர்ந்தால் போதும்.

கேள்வி: வாயில் தண்ணீரை அடக்கி வைத்திருந்து பார்க்க வருபவர்மேல் துப்புமாமே? சாணியை எறியுமாமே? அப்போது என்ன செய்வார்கள்? எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கேட்கச் சொன்னார்கள்.
– ஆசிரியர், தொண்டி

பதில்: ஒன்றும் செய்யமாட்டார்கள்; அதுதான் கஷ்டம். அலறினாலோ ஓடினாலோ சிரித்தாலோ, அதற்கு வேண்டிய வேடிக்கை கிடைத்துவிட்டது. நாளைக்கும் துப்பும். முகத்தைத் துடைத்துக்கொண்டு கையிலிருந்த வேலையைத் தொடர வேண்டும். பழகிய கண்ணுக்கு முன்கூட்டியே தெரியும்: உதட்டை இறுக மூடிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் மெதுவாகக் கிட்டே வரும்.

முடி சிலிர்த்து, உடம்பை ஆட்டி, தரையை உதைத்துக் கதவைத் தட்டினால் அது வேறு விஷயம். தன் பலத்தைக் காட்டுகிறது. நான்கடி பின்னால் போய், அது முடிக்கிறவரை சும்மா இருங்கள். அந்த நேரத்தில் சமாதானப்படுத்தப் பழம் கொடுப்பதுதான் புது ஆட்கள் செய்கிற பெரிய தப்பு. கதவைத் தட்டினால் பழம் வரும் என்று ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளும். தண்டனையாகச் சாப்பாட்டை நிறுத்துவதும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுவதும் அதைவிட மோசம். மூன்று மாதம் சேர்த்த நம்பிக்கை ஒரு மத்தியானத்தில் போய்விடும்.

கேள்வி: நான் செவிலியர். கட்டிப்போடாமல், மயக்கமும் கொடுக்காமல் சிம்பன்சிக்கு எப்படி ஊசி போடுகிறார்கள்?
– வாசகி, பாம்பன்

பதில்: அது தானாகத் தோளைக் கொண்டுவந்து வலையில் ஒட்டிக் கொடுக்கும். அதற்குப் பல வாரம், சிலவற்றுக்குப் பல மாதம் பயிற்சி.

முதலில் ஒரு சத்தத்தைப் பழக்க வேண்டும். விசிலோ 'டிக்' என்கிற பொத்தானோ ஏதாவது ஒன்று. சத்தம் வந்ததும் பாதி நிலக்கடலை அல்லது ஒரு திராட்சை. ஒரு தடவைக்கு இருபது முறை. சத்தம் கேட்டதும் உங்கள் கையைப் பார்க்க ஆரம்பித்தால் புரிந்துவிட்டது என்று பொருள். பிறகு ஒரே இடத்தில் வந்து உட்காருவது. பிறகு தோள். வலையோரம் வண்ண உருண்டை மாட்டிய குச்சியைக் காட்டி, தோள் தற்செயலாக வலையில் பட்ட அந்த நொடியில் சத்தம், உடனே கடலை.

தோள் நிலைத்த பிறகு வரிசையாக: மழுங்கிய குச்சியால் தொடுவது, ஸ்பிரிட் பஞ்சு, ஊசி மாட்டாத சிரிஞ்சு, முனை மழுங்கிய ஊசியால் அழுத்துவது, கடைசியாக மெல்லிய ஊசியில் சலைன். ஒரு படியில் பத்துக்கு எட்டு முறை சரியாகச் செய்தால்தான் அடுத்த படி. தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். ஊசி ஒருவர் கையில், ஊட்டுவது மற்றவர் கையில். பாட்டிலில் நீர் கலந்த பழச்சாறு நல்லது. உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அசையாமல் இருக்கும்.

எங்கே கெடுகிறது? ஊசி போடுகிற நாளில் மட்டும் சிரிஞ்சை எடுத்துவருவதில். நிஜ ஊசி ஒன்றுக்குப் பயிற்சி ஊசி ஐம்பது முறையாவது இருக்க வேண்டும். கூட்டத்தின் தலைவன் வந்து கடலையைப் பறித்துக்கொண்டாலும் கெடும்; அவனுக்கு மறுகோடியில் தனி ஆள் ஊட்ட வேண்டும். பட்டினி போட்டுப் பழக்கினாலும் கெடும். கடலையும் திராட்சையும் அன்றாடச் சாப்பாட்டுக்கு மேல்தான். பாதியில் எழுந்து போனால் போகட்டும், கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டாம். மறுநாள் ஒரு படி இறங்கித் தொடங்குங்கள். 'வேண்டாம்' என்று சொல்ல இடமிருப்பதால்தான் அது திரும்பி வருகிறது.

அவசரத்துக்கு மயக்க ஊசித் துப்பாக்கி எடுக்க வேண்டி வந்தால், சுடுகிறவர் தினமும் ஊட்டுகிற ஆளாக இருக்கக்கூடாது. சுட்டவரின் முகத்தைச் சிம்பன்சி மறக்காது.

கேள்வி: நம்பிக்கை வர எத்தனை நாள் ஆகும்?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: நாள் கணக்கு கிடையாது. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் 1960 ஜூலையில் கோம்பேக்குப் போனபோது, காட்டுச் சிம்பன்சிகள் அவரைத் தூரத்தில் கண்டாலே ஓடின. மாதங்கள் கழித்து முதலில் பயம் விட்டது டேவிட் கிரேபியர்ட் என்று அவர் பெயரிட்ட ஆண். பிற்பாடு வாழைப்பழம் வைத்து வேகமாகப் பழக்கியதில் அங்கே கூட்டமும் சண்டையும் கூடின. பழத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. பழம் சிம்பன்சியைக் கூட்டிவரும், அவ்வளவுதான்; நம்பிக்கையைக் கொண்டுவராது.

கேள்வி: மின்கம்பியில் அடிபட்டுத் தாய் செத்துப்போக, குரங்குக் குட்டி ஒன்றை ஒரு வாரமாக வீட்டில் வைத்திருக்கிறோம். என் மகள் மடியிலேயே கிடக்கிறது. சிம்பன்சியைப் போல அன்பாக வளர்க்கலாமா?
– வாசகர், இராமேசுவரம்

பதில்: சிம்பன்சியையே அப்படி வளர்க்க முடியவில்லை. உங்கள் கடலுக்கு அக்கரையில், இலங்கையில் பிறந்த பாலா அமரசேகரன், மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டுக் கிராமமொன்றில் விற்பனைக்குக் கிடந்த சிம்பன்சிக் குட்டியைப் பரிதாபப்பட்டு வாங்கினார். புரூனோ என்று பெயர் வைத்து வீட்டில் வளர்த்தார். அதற்கு வேண்டியது தன் இனம் என்று புரிந்த பிறகு எழுந்ததுதான் 1995-இல் தொடங்கிய தக்குகாமா காப்பகம்.

மடியில் கிடப்பது உங்கள் மகள்மேல் வந்த நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குரங்குக் குட்டி எதையாவது பற்றிக்கொண்டுதான் இருக்கும். தாய் இல்லாவிட்டால் துண்டையும் பற்றும். சுருட்டிய துண்டு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். மூன்று நான்கு வயதில் இதே குரங்கு வீட்டில் இளைத்தவர் யாரென்று பார்த்துக் கடிக்கும். அநேகமாக அது பிள்ளைகளாக இருக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

வனத்துறை ஆள் வருகிறவரை: மல்லாக்கப் படுக்கவைத்துப் பால் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு கீழே இருக்கும்படி துண்டைப் பற்றவைத்து, சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். குளிப்பாட்ட வேண்டாம், இடுப்பில் கயிறு கட்ட வேண்டாம். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வனத்துறையைக் கூப்பிட்டு, தாய் செத்த இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். அந்தக் கூட்டம் பக்கத்தில் இருந்தால், அவர்கள் மேற்பார்வையில் குட்டியைக் கூடையில் வைத்து மரத்தடியில் காட்டிப் பார்க்கலாம். பெண் குரங்கு ஏதாவது எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இன்றைக்கே கூப்பிடுங்கள். ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது.